போன் முதல் மாக்கோன் வரை: பூர்கோன் திராட்சைச் சரிவுகளில் 3 நாள் சைக்கிள் பயணம், முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் கிராமப்புறத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த நிறச் சாலையில் போகப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மிஷ்லேன் காகித வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்த கட்டச் சாலைகள் மஞ்சள், அதற்கும் கீழே ஊரையும் ஊரையும் இணைக்கிற ஒடுக்கமான சாலைகள் வெள்ளை. இந்த வெள்ளைக் கோடுகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகத் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் தானாக வரும். முதல் தடவை இது தெரியாமல் போன் என்ற ஊரில் இருந்து தெற்கே நேராக டி974 சாலையில் இறங்கிவிட்டேன். லாரிகள் உரசிக்கொண்டு போக, பக்கத்திலேயே மேட்டில் இருந்த திராட்சைத் தோட்டங்களைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட முடியாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டினேன். அதற்குப் பிறகு நான்கு முறை அதே பகுதிக்குப் போயிருக்கிறேன். இப்போது எழுதுவது அந்த நான்கு பயணங்களில் கற்றது.

பகுதி எது என்று சொல்லிவிடுகிறேன். பூர்கோன், ஆங்கிலத்தில் பர்கண்டி. டிஷோன் நகரத்துக்குத் தெற்கே ஒரு நீண்ட மலைச்சரிவு கிழக்கைப் பார்த்து ஓடுகிறது. அதன் நடுவில் போன் என்ற ஊர், தெற்கு முனையில் மாக்கோன். இரண்டுக்கும் இடையே திராட்சைச் சரிவு, கால்வாய்க் கரை, பழைய ரயில் பாதை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. சாலை சைக்கிளுக்குப் புதியவர்கள்கூட 3 நாளில் நிதானமாக முடிக்கலாம், மொத்தம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

எப்போது போவது

மே பாதியில் இருந்து ஜூன் கடைசி வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. சரிவில் மரமே கிடையாது, எல்லாம் இடுப்பளவு கொடிதான், நிழலுக்கு ஒதுங்க இடமில்லை.

மே, ஜூனில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கொடிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து அடிக்கிற காலம் அது. கொடி வரிசைக்கு மேலே காலை அகட்டி நிற்பது போல உயரமான டிராக்டர் வரும், அதற்கு அந்த ஊரில் ஆன்ஷாம்பர் என்று பேர். அது மருந்து அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, எதிர்ப் பக்கத்தில் நின்று, அது போன பிறகு போங்கள். இரண்டு நிமிடம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

செப்டம்பர் அறுவடைக் காலம். ஊரே பரபரப்பாக இருக்கும், காற்றில் நொதிக்கிற திராட்சை வாசனை, வண்டிகளில் இருந்து ஒழுகிய சாறு சாலையில் பிசுபிசுவென்று கிடக்கும். மழை பெய்தால் டிராக்டர் டயரில் இருந்து விழுந்த களிமண் வழுக்கும், வளைவுகளில் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். அந்த நாட்களில் தோட்டப் பாதையில் முன்னுரிமை வேலை செய்கிறவர்களுக்குத்தான். டிராக்டர் எதிரே வந்தால் நாம்தான் ஓரம் கட்ட வேண்டும், அவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்தது அந்தச் சில நாட்களுக்காக.

நவம்பர் முதல் வாரம் சரிவு முழுக்கப் பொன்னிறமாக இருக்கும், அழகுதான், ஆனால் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், விடிகாலை மூடுபனி வேறு. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

சைக்கிளோடு போய்ச் சேர்வது

பாரிசில் இருந்து இரண்டு வழி. கார் து லியோன் நிலையத்தில் ஏறும் டிஜிவி அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் டிஷோன் கொண்டுபோய் விடும். ஆனால் முழு சைக்கிளை எல்லா டிஜிவியிலும் ஏற்ற முடியாது. சைக்கிள் இடம் உள்ள வண்டியாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் சக்கரங்களைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. பெர்சி நிலையத்தில் இருந்து டிஇஆர் எனப்படும் வட்டார ரயில், மூன்று மணி நேரம் பிடிக்கும், ஆனால் சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறிவிடலாம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பல் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: சனிக்கிழமைக் காலை வண்டிகளில் சைக்கிள் கொக்கிகள் சீக்கிரம் நிறைந்துவிடும், வெள்ளி மதியமே கிளம்ப முடிந்தால் நிம்மதி.

டிஷோனில் இருந்து போனுக்கு இன்னொரு டிஇஆர், அரை மணிகூட ஆகாது. சைக்கிள் கொண்டுவர வழியில்லாதவர்கள் போனிலேயே வாடகைக்கு எடுக்கலாம். அப்படி எடுத்தால் கிளம்புவதற்கு முன்பே கடை வாசலில் எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள், பம்பும் மாற்று ட்யூபும் பையில் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஒரு கடையில் எனக்குக் கொடுத்த ட்யூப் அளவே வேறு. அது பஞ்சர் ஆன பிறகுதான் தெரிந்தது, கால்வாய்க் கரையில் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

சொந்த சைக்கிள் என்றால் டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 இருந்தால் இன்னும் நல்லது. தோட்டப் பாதைகளில் பல இடங்களில் கான்கிரீட் பாளம் போட்டிருப்பார்கள், பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவே இடைவெளி, மெல்லிய டயரில் மணிக்கட்டு வலிக்கும். சின்ன ஏற்றங்கள் செங்குத்தாக இருப்பதால் பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் உள்ள கியர் வேண்டும். பெல் கட்டாயம்.

முதல் நாள்: போன் முதல் ஷாலோன் வரை, ஏறத்தாழ 50 கி.மீ.

போன் சின்ன ஊர், கோட்டைச் சுவருக்குள் அடங்கிவிடும். 1443இல் நிக்கோலா ரொலேன் ஏழை நோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை, வண்ண ஓட்டுக் கூரையோடு இன்றும் நிற்கிறது. முந்தின நாள் மாலையே அதைப் பார்த்துவிடுங்கள். காலையில் சரிவின் மேல் வெயில் நேராக விழும் நேரத்தில் சைக்கிளில் இருக்க வேண்டும்.

ஊருக்கு மேற்கே பூசேஸ் பூங்கா. அங்கிருந்து வுவா தே வீஞ், அதாவது திராட்சைக் கொடிப் பாதை தொடங்குகிறது. சான்ட்னே வரை 22 கிலோமீட்டர், சந்திக்குச் சந்தி சைக்கிள் படம் போட்ட அம்புப் பலகை இருக்கும். பூங்காவைத் தாண்டிய உடனே கொடிகள். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே என்று ஊர்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர்தான். வொல்னேக்கு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும்.

இந்தச் சரிவைப் படிக்கத் தெரிந்தால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும். கீழே சமவெளியை ஒட்டிய மண் கனமானது, நீர் தேங்கும், அங்கே விளைவது சாதாரண ஒயின். மேலே காட்டை ஒட்டி மண் அடுக்கு மெலிந்து பாறை தலை நீட்டும், குளிரும் அதிகம். இரண்டுக்கும் நடுவே, சுண்ணாம்புப் பாறை உடைந்து களியோடு கலந்த இடுப்புப் பகுதி இருக்கிறதே, அங்கேதான் பேர் பெற்ற தோட்டங்கள் எல்லாம். அம்புப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் அந்த இடுப்பிலேயே போவீர்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பேர், தனி எல்லை, அதை க்ளிமா என்கிறார்கள். இப்படி 1,247 க்ளிமாக்கள் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

புலினியைத் தாண்டி ஷசாஞ் பக்கம் போகும்போது ஒரு இடத்தில் கண்டிப்பாக இறங்குங்கள். ஒரு வண்டி போகும் அகலத்துக்கு ஒரு சாலை. மேல் பக்கம் மோன்ராஷே, சுமார் 8 ஹெக்டேர்தான், உலகத்தின் மிக விலையுயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஒன்று அங்கே பிறக்கிறது. சாலைக்குக் கீழ்ப் பக்கம் பட்டார்-மோன்ராஷே, அதுவும் பெரிய பேர்தான், ஆனால் விலையில் பல படி கீழே. நடுவில் நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தேன். மேலே கைப்பிடி அளவு வெளிர் கற்கள் மண்ணை மூடிக் கிடந்தன, கீழே மண் பழுப்பாக, மழைக்குப் பிறகு காலணியில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. சுவர் சுண்ணாம்பு பூசாத கல் அடுக்கு, வெயிலில் சூடேறி இருந்தது, இடுக்கில் ஒரு பல்லி. அந்தப் பத்தடி வித்தியாசத்தை நூற்றாண்டுக் கணக்காகப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது. கொடிகளுக்கு உள்ளே கால் வைக்காதீர்கள், ஒரு பழம்கூடப் பறிக்காதீர்கள். சாலையில் இருந்து பார்த்தாலே எல்லாம் தெரியும்.

சான்ட்னே ஊர்ச் சதுக்கத்தில் மதியச் சாப்பாடு. அதன் பிறகு சரிவை விட்டுக் கீழே இறங்கினால் சாந்த்ரு கால்வாய். லுவார், சோன் என்ற இரண்டு நதிகளை இணைப்பதற்காக 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய கால்வாய் இது. அதன் கரையில் ஐரோப்பா முழுக்க ஓடும் யூரோவெலோ 6 என்ற நெடும் சைக்கிள் பாதை வருகிறது. ஷான்யி வழியாக ஷாலோன் வரை தட்டையான தார்ப் பாதை. பொறுமையாக மிதியுங்கள், மதகுகளில் படகு இறங்குவதைப் பார்க்க நில்லுங்கள். இந்தப் பகுதியில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, எதிர்க்காற்று அடித்தால் மட்டும் கொஞ்சம் அலுப்பு. ஷாலோன் புகைப்படக் கலையை உருவாக்கிய நிசெஃபோர் நியெப்ஸ் பிறந்த ஊர், அவர் பெயரில் அருங்காட்சியகம் உண்டு.

கால் பலம் உள்ளவர்களுக்கு ஒரு மாற்று

தட்டையான பாதை போதாது என்பவர்கள் போனில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி மேல் சரிவுகளுக்கு ஒரு சுற்று போகலாம். பொம்மார், மெர்சோ, ஒஸ்ஸே-துரெஸ் வழியாக சேன்-ரொமேன் ஏறி, பாறைச் சுவருக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர்ஷ் கிராமத்தைத் தாண்டி, போபின்யி, லா ரோஷ்போ, நோலே, பிறகு சான்ட்னே வந்து கொடிப் பாதையில் போன் திரும்பலாம். அறுபது கிலோமீட்டருக்கு முன்பின் வரும். ஓர்ஷுக்கு மேலே நின்று திரும்பிப் பார்த்தால் சோன் சமவெளி முழுக்கத் தெரியும். நோலேயில் 14ஆம் நூற்றாண்டுச் சந்தைக் கூடம் ஒன்று மரத்தூண்களோடு நிற்கிறது, கூரை ஓடாக வேய்ந்திருப்பது கனமான கற்பலகைகள்.

அந்த நோலேயில்தான் ஒரு திங்கட்கிழமை மாட்டிக்கொண்டேன். ரொட்டிக் கடை மூடியிருந்தது, மளிகைக் கடை மதிய இடைவேளையில் மூடியிருந்தது, பையில் ஒரு வாழைப்பழம்கூட இல்லை. சைக்கிள்காரர்கள் பிரெஞ்சில் ஃப்ரிங்கால் என்பார்களே, திடீரென்று உடம்பில் சக்கரை தீர்ந்து கை கால் நடுங்குவது, அது வந்துவிட்டது. சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். தோட்ட வேலை முடித்து வந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் பையில் இருந்து அரை ரொட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் எடுத்து நீட்டினார். அதில் இருந்து நான் வைத்திருக்கும் விதிகளைச் சொல்கிறேன்.

சாப்பாடும் தண்ணீரும்

கிராமத்துக் கடைகள் மதியம் 12.30 வாக்கில் மூடி, மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எதுவும் இருக்காது. திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. அதனால் காலையில் கிளம்பும்போதே ரொட்டி, பழம், பருப்பு வகை ஏதாவது பையில் இருக்க வேண்டும். உணவகத்தில் மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் 12க்கும் 1.30க்கும் நடுவே உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: பூர்கோன் சமையலில் பன்றிக்கொழுப்புத் துண்டுகளை எதில் வேண்டுமானாலும் போடுவார்கள், பச்சைக் காய்கறி சாலட்டிலும் இருக்கும், முட்டைக் குழம்பிலும் இருக்கும். ‘சான் லார்டோன்’ என்று சொல்லிக் கேளுங்கள். ரொட்டிக் கடைகளில் கூஷேர் என்று பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட உருண்டை கிடைக்கும், உப்பிய பணியாரம் மாதிரி, உள்ளே வெற்றிடம், வெளியே மொறுமொறுப்பு. நான்கு வாங்கிச் சட்டைப் பின்பையில் போட்டுக்கொண்டால் இருபது கிலோமீட்டருக்குக் கவலை இல்லை.

தண்ணீருக்குப் பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்று இருக்கும், செடிகளுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் தயக்கமாகத்தான் இருக்கும். அமைதியாகப் போய், புட்டியை நிரப்பிக்கொண்டு, வாயில் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். குழாயின் மேல் ‘நோன் பொத்தாப்ளு’ என்ற பலகை இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

இன்னொன்று, எந்தக் கடையில் நுழைந்தாலும் யாரிடம் வழி கேட்டாலும் முதல் வார்த்தை ‘போன்ஷூர்’. அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் சுருங்கிவிடும், சொல்லிவிட்டால் தட்டுத் தடுமாறிப் பேசினாலும் கூடவே நடந்து வந்து வழி காட்டுவார்கள்.

இரண்டாம் நாள்: ஷாலோன் முதல் க்ளூனி வரை, ஏறத்தாழ 55 கி.மீ.

ஷாலோனில் இருந்து மேற்கே ஷிவ்ரி ஊருக்குப் போனால் அங்கே தொடங்குகிறது பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு 1997இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். கார் வராத இந்த மாதிரிப் பாதையை வுவா வெர்த், பச்சைப் பாதை என்பார்கள், பிரான்சின் முதல் பச்சைப் பாதை இதுதான். ஷிவ்ரி முதல் க்ளூனி வரை 44 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்டது என்பதால் எங்கேயும் செங்குத்து இல்லை. ஏறுகிறோம் என்பதே தெரியாது, வேகம் குறைவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய நிலையக் கட்டடங்களில் ஊர்ப் பெயர்ப் பலகை இன்னும் இருக்கும்.

புஸ்ஸி, எழுத்தில் எக்ஸ் இருந்தாலும் உச்சரிப்பு இப்படித்தான், அங்கே 1931இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு ஒயின் நிலையம் இருக்கிறது. பெரிய தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் சுவைக்க விடுவார்கள், கூட்டுறவில் நேராக உள்ளே போகலாம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்புவது அங்கே சாதாரணம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு காருக்கு மட்டுமில்லை, சைக்கிளுக்கும் உண்டு. பாட்டில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

பிறகு சேன்-ஷாங்கூ, அகழி சூழ்ந்த கொர்மத்தான் மாளிகை, தேசே. க்ளூனிக்கு நான்கு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது, மடத்தைப் பார்க்க நேரம் வேண்டும். 910இல் தொடங்கிய மடம் அது. பிற்பாடு கட்டிய அதன் மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம், ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதுதான் பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக இடித்து விற்றுவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் ஒரு கோபுரத்தின் கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால், இல்லாமல் போனது எவ்வளவு என்று புரியும்.

சாலை விதிகள், சுருக்கமாக

வலது பக்கம் ஓட்ட வேண்டும், அது தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொள்வது வலப்பக்க முன்னுரிமை. கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலது பக்கச் சந்தில் இருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை, அது குட்டிச் சந்தாக இருந்தாலும். மஞ்சள் நிற வைர வடிவப் பலகை இருக்கும் சாலையில் மட்டும் நமக்கு முன்னுரிமை. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம், இரவில் ஊருக்கு வெளியே போனால் ஒளிரும் மேல்சட்டை எல்லாருக்கும் கட்டாயம். ‘கிராவியோன்’ என்று பலகை பார்த்தால் புதிதாகப் பொடிக்கல் தூவிய சாலை என்று அர்த்தம், இறக்கத்தில் அதைப் பார்த்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விபத்து என்றால் 112.

மூன்றாம் நாள்: க்ளூனி முதல் மாக்கோன் வரை

க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம், பழைய ரயில் சுரங்கம்தான், 1.6 கிலோமீட்டர். வெளியே 30 டிகிரி அடித்தாலும் உள்ளே ஸ்வெட்டர் தேடுகிற குளிர், மேல்சட்டையைப் பையின் மேலேயே வைத்திருங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அப்போது கணவாய் வழியாக ஏறித்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் கொஞ்சம் விலகி பெர்சே-லா-வில் தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் பார்க்கலாம்.

நேராக மாக்கோன் போய்விடாதீர்கள். ப்ரிஸ்ஸே ஊரில் பச்சைப் பாதையை விட்டு, வரைபடத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும் சாலையைப் பிடித்து தாவாயே வழியாக சொலுத்ரே ஏறுங்கள். கப்பலின் முன்பகுதி மாதிரி ஒரு சுண்ணாம்புப் பாறை, 493 மீட்டர், கீழே முழுக்கப் புயி-ஃபுயிஸ்ஸே திராட்சைக் கொடிகள். அடிவாரத்தில் தோண்டிய இடங்களில் குதிரை, பனிமான் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன, கற்காலப் பண்பாடு ஒன்றுக்கே சொலுத்ரியன் என்று பெயர் வந்தது அதனால்தான். சைக்கிளைப் பூட்டிவிட்டு அரை மணி நடந்தால் உச்சி.

கடைசியாக நிலையத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மாக்கோனுக்கு இரண்டு நிலையம். ஊருக்குள் இருப்பது மாக்கோன்-வில், டிஷோன், லியோன் போகும் டிஇஆர் அங்கே நிற்கும், முழு சைக்கிளோடு திரும்புகிறவர்கள் அங்கே போக வேண்டும். சைக்கிளை உறையில் போட்டு டிஜிவியில் பாரிஸ் போகிறவர்களுக்கு லோஷே நிலையம், அதற்கு சொலுத்ரேயில் இருந்து ஃபுயிஸ்ஸே வழியாகக் கொடிகளுக்கு நடுவே இறக்கம், மிதிக்கவே வேண்டாம். நான் எப்போதும் மாலை ஆறு மணிக்கு மேல் உள்ள வண்டிக்குத்தான் சீட்டு எடுப்பேன், அந்த இறக்கத்தில் இரண்டு இடத்திலாவது நிற்காமல் என்னால் வர முடிந்ததில்லை.